ஓர்கன் பேசாத பத்து நிமிடங்கள்: சேன்-சான்ஸின் மூன்றாம் சிம்பொனி, 1959 பொஸ்டன் ஒலிப்பதிவு

கொட்டகலை மழை எழுதியது:

மூன்று வாரமாக ஒரே ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கமீல் சேன்-சான்ஸ் என்ற பிரெஞ்சுக்காரரின் மூன்றாம் சிம்பொனி, சி மைனர். வாத்தியக்குழுவோடு ஓர்கனும் சேர்வதால் ‘ஓர்கன் சிம்பொனி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. நான் கேட்பது 1959 ஏப்ரலில் பொஸ்டன் சிம்பொனி மண்டபத்தில் பதிவான வாசிப்பு. நடத்துனர் ஷார்ல் முன்ஷ், ஓர்கன் பெர்ஜ் ஸம்கோச்சியன்.

இந்தப் படைப்பைப் பற்றி யாரைக் கேட்டாலும் கடைசிப் பகுதியைத்தான் சொல்வார்கள். வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அடங்கி, சபை முழுவதும் காத்திருக்கும் நேரத்தில் ஓர்கன் முழுப் பலத்தோடு சி மேஜர் கூட்டுச்சுரத்தை இறக்கும். உடம்பு சிலிர்க்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த ஒலிப்பதிவின் உயிர் அங்கே இல்லை. அது முதற்பாகத்தின் நடுவில், மெதுநடைப் பகுதி தொடங்கும் இடத்தில் இருக்கிறது.

ஏறக்குறைய பத்து நிமிடம் ஓர்கன் வாயே திறப்பதில்லை. வயலின்கள் நிம்மதியில்லாமல் நடுங்கிக்கொண்டே ஒரு மெட்டைச் சொல்கின்றன. இறந்தவர்களுக்கான பழைய லத்தீன் வழிபாட்டுப் பாடலின் சாயல் அந்த மெட்டில் உண்டு. பின்பு எல்லாம் தணிகிறது. அந்தத் தணிவில் ஓர்கன் நுழைகிறது, மிக மிக மெதுவாக.

எங்கள் பக்கம் ஜூன் மாதத்தில் மழை எப்படி இருக்கும் என்று இங்கு எல்லோருக்கும் தெரியும். என் வீட்டுக்குத் தகரக் கூரை. மழை அடிக்கும்போது பக்கத்தில் இருப்பவரோடு கதைக்கவே குரலை உயர்த்த வேண்டும். அதனால் முதல் ஒரு வாரம் அந்த நுழைவை நான் கேட்கவே இல்லை. சென்ற வியாழன் இரவு பதினொரு மணிக்கு மேல் மழை விட்டது. எழுந்து போய் மறுபடி போட்டேன். பழைய மரப்பெட்டி ஸ்பீக்கர். அதன் பக்கப்பலகையில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். ஓர்கன் தொடங்கியதை முதலில் சொன்னது காது இல்லை. உள்ளங்கைக்குக் கீழே பலகை நடுங்கியது. அதன் பிறகுதான் வயலின், வியோலா, செலோ மூன்றும் ஒன்றாக எடுக்கும் அந்த நீண்ட மெட்டு எங்கே நிற்கிறது என்று புரிந்தது.

அறிந்தவர்கள் எழுதுங்கள். வேறு ஒலிப்பதிவுகளில் இந்த இடம் எப்படி இருக்கிறது?

ஒலிபெருக்கித் தம்பி எழுதியது:

சேர், நீங்கள் சொன்ன இடத்தைக் கைத்தொலைபேசியில் இரண்டு முறை கேட்டேன். எனக்கு வயலின் மட்டும்தான் கேட்டது. ஓர்கன் அங்கே இல்லவே இல்லை. நான் தலவாக்கலைப் பக்கம் திருவிழாக்களுக்கு ஒலியமைப்புச் செய்கிறவன். காதில் குறை இல்லை என்று நம்புகிறேன்.

சிற்றோர்கன் எழுதியது:

தம்பி, உங்கள் காதில் குறை இல்லை. கைத்தொலைபேசிக்கு அந்தச் சுரத்தை எழுப்பும் உடம்பு இல்லை.

நான் டிக்கோயாப் பக்கம் ஒரு சிறிய தேவாலயத்தில் இருபத்திரண்டு வருடமாக ஞாயிறு ஆராதனைக்கு வாசிக்கிறேன். எங்களிடம் இருப்பது காலால் மிதிக்கும் துருத்தி ஓர்கன். அதில் ஒலி பிறப்பது பித்தளை நாக்குகளில், ஹார்மோனியத்தைப் போலவே. சிம்பொனியில் வருவது குழாய் ஓர்கன். அதில் காற்று நிற்கும் நீளம்தான் சுரத்தைத் தீர்மானிக்கிறது. எட்டு அடிக் குழாய் கொடுக்கும் தாழ்ந்த சி சுரம் ஏறக்குறைய 65 ஹேர்ட்ஸ், அதாவது நொடிக்கு 65 அதிர்வு. குழாய் பதினாறு அடியானால் அது பாதியாகி 33. முப்பத்திரண்டு அடிக் குழாயில் 16. மனிதக் காது பொதுவாக 20க்குக் கீழே கேட்காது. அங்கே சுரத்தை நெஞ்சுக்கூடும் தரைப்பலகையும்தான் அறியும். சேரின் உள்ளங்கை முதலில் அறிந்ததில் வியப்பே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சேன்-சான்ஸ் ஓர்கனைத் தூரத்தில் நின்று பார்த்து எழுதியவர் இல்லை. 1858 முதல் 1877 வரை பாரிஸின் மதலேன் தேவாலயத்தில் ஓர்கன் வாசித்தவர். ஓர்கன் எவ்வளவு உரக்கப் பேசும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அன்று எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அப்படிப்பட்டவர் அதைப் பத்து நிமிடம் காக்க வைத்து, பின்பு அடிக்குரலில் பேச வைக்கிறார். ஆராதனையில் நான் படித்த பாடமும் அதுதான். சபை பாடும்போது ஓர்கன் வாசிப்பவரின் வேலை அவர்களின் குரலுக்குக் கீழே தரை போடுவது. நான் உரக்க வாசித்த நாட்களில் சபை வாயை மூடிக்கொண்டது.

இந்தப் பகுதி டி ஃப்ளாட் மேஜரில் இருக்கிறது. முதற்பகுதியின் சி மைனரிலிருந்து அரைச் சுரம்தான் மேலே. வீடு மாறவில்லை, விளக்கு ஏற்றியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

ஒத்துக்காரர் மகன் எழுதியது:

அக்கா, தரை போடுவது என்று எழுதினீர்களே, அந்தச் சொல்லுக்காகவே இங்கு வந்தேன்.

என் அப்பா ஒத்து ஊதியவர். பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டக் கோயில்களில் நாதஸ்வரக் குழுவின் பின்வரிசையில் நின்றவர். ஒத்து என்ன செய்கிறது என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பார்வைக்கு நாதஸ்வரம் போலவே இருக்கும். ஆனால் விரல் ஓட்டி ராகம் வாசிக்க அல்ல, ஒரே சுரத்தை நிறுத்திப் பிடிப்பதற்கு. சட்ஜம், முழு இரவும் சட்ஜம். கன்னத்தில் காற்றைச் சேமித்து, மூக்கால் மூச்சை இழுத்து, சுரம் ஒரு கணமும் அறுந்துவிடாமல் ஊத வேண்டும். தவில்காரருக்குச் சால்வை போடுவார்கள், நாதஸ்வரக்காரருக்கு மாலை விழும். ஒத்துக்காரரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இப்போது சுருதிப்பெட்டியை ஒலிவாங்கியின் முன்னால் வைத்துவிடுகிறார்கள். அந்த வேலையும் போய்விட்டது.

ஒரு தேர் இரவில் அப்பாவுக்குக் காய்ச்சல். பாதி ஊர்வலத்தில் அவர் நிறுத்திவிட்டார். நாதஸ்வரம் தொடர்ந்து வாசித்தது, சுருதியும் விலகவில்லை. ஆனாலும் முன்னால் போன கிழவிகள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எதையோ கீழே போட்டுவிட்டவர்கள் மாதிரி. எனக்கு அப்போது பதினொரு வயது. அந்த முகங்கள் இன்னும் கண்ணில் நிற்கின்றன.

சேர் சொன்ன இடத்தை நேற்று நல்ல ஹெட்போனில் கேட்டேன். மெட்டை முதலில் தந்திகள் எடுக்கின்றன, பின்பு கிளாரினெட், ஹோர்ன், ட்ரொம்போன் மூன்றும் சேர்ந்து வாங்கிக்கொள்கின்றன. கை மாறிக்கொண்டே போகிறது. கீழே ஓர்கன் தாங்கி நிற்கிறது. சட்ஜம் மட்டும் பிடிக்கவில்லை, கூட்டுச்சுரங்கள் நகர்கின்றன என்பது எனக்கும் தெரியும். இருந்தும் நிற்கும் முறை ஒத்துக்காரருடையது. ஒலிப்பதிவை நிறுத்திவிட்டு அம்மாவைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன்.

பத்தாம் நம்பர் மலை எழுதியது:

எல்லோரும் மனம் நிறைந்து எழுதுகிறீர்கள். நான் எழுதப்போவது அந்த நிறைவுக்கு இடைஞ்சலாக இருக்கும், ஆனாலும் எழுத வேண்டும்.

இந்தச் சிம்பொனி 1886 மே 19 அன்று லண்டனில் அரங்கேறியது. கேட்டு எழுதுவித்தது லண்டன் பில்ஹார்மோனிக் சங்கம். அதே ஆண்டுகளில் இங்கே இலங்கை மலையகத்தில் என்ன நடந்தது? இலைநோய் வந்து கோப்பி முழுவதும் அழிந்து, எங்கள் பூட்டன்மார் செத்த கோப்பிச் செடிகளைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை நட்டுக்கொண்டிருந்தார்கள். ரயில் பாதை நானுஓயாவுக்கு வந்தது 1885இல். எங்கள் கொழுந்து லண்டன் ஏலத்துக்குப் போன வழி அது. அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் இடைவேளையில் குடித்தது யாருடைய உழைப்பு?

என் பாட்டி துரை பங்களாவில் ஆயாவாக இருந்தவர். வரவேற்பறையில் ஒரு பியானோ இருந்தது. பாட்டி தினமும் அதைத் துடைக்க வேண்டும். மூடியைத் திறக்கக் கூடாது என்பது கட்டளை. பதினான்கு வருடம் துடைத்தார். ஒரு கட்டையைக்கூடத் தொட்டதில்லை. இந்த இசை எனக்கு அந்த மூடிய மூடியாகத்தான் தெரிகிறது. ஒத்தோடு ஒப்பிட்டால் அது திறந்துவிடுமா?

சிற்றோர்கன் எழுதியது:

தங்கச்சி, இதை இடைஞ்சல் என்று யாரும் நினைக்க மாட்டோம். நான் வாசிக்கும் தேவாலயத்தின் முன்வரிசை இருக்கைகளில் இன்னமும் தோட்டத்துரைமாரின் பித்தளைப் பெயர்த்தகடுகள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொண்டேதான் வாசிக்கிறேன்.

கொட்டகலை மழை எழுதியது:

நீங்கள் சொன்ன ஆண்டுகள் சரி, கேள்வியும் சரி. அதற்கு நான் இசையால் பதில் சொல்ல முயலப்போவதில்லை. பாட்டிக்குச் செய்தது அநியாயம்.

ஆனால் மூடியை இறுக்கி வைத்தவர் துரை, சேன்-சான்ஸ் அல்ல என்றாவது சொல்ல அனுமதியுங்கள். 1878இல் ஆறு வார இடைவெளிக்குள் அவருடைய இரண்டு ஆண் குழந்தைகளும் இறந்துபோனார்கள். ஒன்று ஜன்னலிலிருந்து விழுந்து, மற்றது நோயில். அந்தத் துயரம்தான் இந்தச் சிம்பொனி என்று நான் சொல்லவில்லை; அப்படிச் சொல்வது மலிவு. அதை எழுதிய கை எதையெல்லாம் புதைத்துவிட்டு வந்த கை என்பதை மட்டும் சொல்கிறேன். தன்னால் கொடுக்க முடிந்ததெல்லாம் இதற்குக் கொடுத்துவிட்டதாகப் பின்னாளில் அவர் கூறினார். 1921 வரை வாழ்ந்தும் இன்னொரு சிம்பொனி எழுதவில்லை.

பாட்டி இப்போதும் இருக்கிறாரா?

ஒலிபெருக்கித் தம்பி எழுதியது:

இந்த உரையாடலுக்கு நடுவில் ஒலிப்பதிவுக் கணக்கு எழுதலாமா என்று தயங்கினேன். ஆனால் சேர் முதலில் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் எழுதவில்லை.

சித்திரைத் திருவிழாவுக்குப் பாவிக்கும் பெரிய பெட்டிகளில் இரண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து நான்கு பதிவுகள் கேட்டேன். பொஸ்டன் பதிவு மூன்று தடங்களில் எடுத்தது. அறுபது வருடத்துக்கு முந்திய நாடா என்பதால் மெல்லிய இரைச்சல் உண்டு. ஆனால் ஓர்கனும் வாத்தியக்குழுவும் ஒரே காற்றில் இருக்கின்றன. டிம்பனி முரசை அடித்த பிறகு மண்டபம் அதை வாங்கித் திருப்பிக் கொடுக்கும் நேரம் ஓர்கனுக்கும் அதே அளவில் இருக்கிறது. அந்த மண்டபம் 1900இல் திறந்தது. வாலஸ் சேபைன் என்ற இயற்பியலாளர் எதிரொலி தேயும் நேரத்தைக் கணக்கிட்டு அதை வடிவமைக்க உதவினார். கணக்கு வீண்போகவில்லை.

பால் பரே நடத்திய டெட்ராய்ட் பதிவு 1957இல் எடுத்தது, ஓர்கன் மார்செல் டூப்ரே. மூன்றே ஒலிவாங்கிகள். இதில் ஒவ்வொரு வாத்தியமும் கத்தியால் வெட்டியது போல் தெளிவு. ஓட்டமும் அதிகம். கடைசிப் பகுதிக்கு இதைத்தான் தேர்வேன். மெதுநடைப் பகுதிக்கு பொஸ்டன்.

பாரென்பொய்ம் நடத்திய சிக்காகோ பதிவில்தான் என் வியப்பு. வாத்தியக்குழு சிக்காகோவில் வாசித்தது. ஓர்கனை பிரான்ஸில் ஷார்த்ர் பேராலயத்தில் காஸ்தோன் லித்தேஸ் தனியாக வாசித்தார். இரண்டையும் பின்பு ஒட்டியிருக்கிறார்கள். கராயான் நடத்திய பெர்லின் பதிவும் அப்படித்தான். ஓர்கன் பாரிஸ் நோத்ர்தாமில், வாசித்தவர் பியேர் கோஷ்ரோ. பேராலய ஓர்கனின் பிரம்மாண்டம் கிடைக்கிறது. ஆனால் ஒட்டியது ஒட்டியதுதான். ஓர்கன் பின்னால் தொங்கும் திரைச்சீலை மாதிரி நிற்கிறது.

சிற்றோர்கன் எழுதியது:

தம்பி, கராயான் பதிவைப் பொறுத்தவரை உங்களோடு உடன்படுகிறேன். சிக்காகோ பதிவுக்கு மாட்டேன். லித்தேஸ் பார்வையற்றவர். வாழ்நாள் முழுவதும் காதால் மட்டுமே அளந்து வாசித்தவர். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருக்கும் வாத்தியக்குழுவின் மூச்சை அவர் எப்படிப் பிடித்திருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். மெதுநடைப் பகுதியின் முடிவில் தந்திகளும் ஓர்கனும் தேய்ந்துபோகும் இடத்தில் எனக்கு எந்த ஒட்டும் தெரியவில்லை. ஒரே அறையில் இருந்துகொண்டு ஒருவரையொருவர் கேட்காத குழுக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முன்ஷைப் பற்றி ஒரு விடயம். அவர் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் ஓர்கன் வாசிப்பவரின் மகனாகப் பிறந்தவர். அப்பா தேவாலயப் பாடகர் குழுவையும் நடத்தினார். ஓர்கன் எப்போது வாய் மூடியிருக்க வேண்டும் என்று அவருக்கு வீட்டிலேயே தெரிந்திருக்கும்.

பத்தாம் நம்பர் மலை எழுதியது:

சேர், பாட்டி இருக்கிறார். எண்பத்து நான்கு வயது. காது கொஞ்சம் மந்தம், நினைவு நன்றாக இருக்கிறது.

உங்கள் பதிலை வாசித்த பிறகு முழுவதையும் கேட்டேன். என் கேள்வியை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. தொடக்கத்தில் உள்ளே போகவும் முடியவில்லை. ஆனால் மெதுநடைப் பகுதியின் நடுவில் ஓரிடம் இருக்கிறது. அமைதியாகப் போய்க்கொண்டிருக்கும்போது தாழ்ந்த தந்திகள் விரலால் சுண்டி, அந்த நிம்மதியில்லாத முதல் மெட்டைத் திரும்பக் கொண்டுவருகின்றன. யாரும் கூப்பிடாமல் அது வருகிறது. அமைதி வந்துவிட்டது என்று சேன்-சான்ஸ் பொய் சொல்லவில்லை. அந்த ஓர் இடத்துக்காக நான் அவரை மதிக்கிறேன்.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் காம்பராவுக்குக் கீழேதான் தேயிலை ஸ்டோர். கொழுந்து வாட்டும் காற்றாடிகள் இரவு முழுவதும் ஓடும். அந்த இரைச்சல் சுவர் வழியாகப் பாயில் ஏறும். அது நின்றால் நாங்கள் விழித்துக்கொள்வோம். அக்கா எழுதிய 33 ஹேர்ட்ஸை வாசித்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

கொட்டகலை மழை எழுதியது:

சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு என் வீட்டுக்கு வாருங்கள், பாட்டியையும் கூட்டிக்கொண்டு. ஹட்டனிலிருந்து பஸ் இருக்கிறது. தம்பி பெட்டிகளைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். மழை பெய்தால் காத்திருப்போம்.

ஒலிபெருக்கித் தம்பி எழுதியது:

பெட்டி இரண்டையும் தரையிலேயே வைக்கிறேன் சேர். மேசையில் வைத்தால் அடிச்சுரம் குறையும்.

பத்தாம் நம்பர் மலை எழுதியது:

நேற்றுப் போய்விட்டு வந்தோம். ஐந்தரை வரை மழை விடவில்லை. சேரின் மனைவி வடையும் தேத்தண்ணீரும் கொடுத்தார். பிறகு ஒருவழியாகக் கூரை ஓய்ந்தது.

மெதுநடைப் பகுதியில் பாட்டி கண்ணை மூடிக்கொண்டிருந்தார், தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். கால்களைச் செருப்பிலிருந்து வெளியே எடுத்துத் தரையில் பதித்திருந்தார். அதைப் பிறகுதான் கவனித்தேன்.

கடைசிப் பகுதியில் ஓர்கன் இறங்கியபோது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தம்பி சிரித்தார், சேர் எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முழக்கம் முடிந்ததும் தந்திகள் மெட்டை மெதுவாக எடுக்கின்றன. அதற்கு மேலே ஏதோ ஒன்று நீர்த்துளி தெறிப்பது போல் ஏறி இறங்குகிறது. இங்கே இவ்வளவு எழுதியும் அதைப் பற்றி நாம் ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. பாட்டி கண்ணைத் திறந்து என் கையைப் பிடித்தார்.

“அது பியானோ” என்றார்.